கல்லூரி அண்ணன், அக்காமார் கூட நின்றால் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தைரியம் வருமா? குமரி மாவட்டத்தில் அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

திருவட்டாறுக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்து படிக்கிற வழக்கம் உண்டு. அதை ஒட்டி ஊர் இளைஞர்கள் சிலர் ஒரு யோசனை வைத்திருக்கிறோம். கல்லூரியில் படிக்கிற, அல்லது முடித்துவிட்டு உள்ளூரிலேயே வேலைக்குப் போகிற ஒருவர், எட்டாவது முதல் பத்தாவது வரை படிக்கும் ஒரு பிள்ளையோடு வாரம் ஒருமுறை உட்கார வேண்டும். படிப்பு, பள்ளிக்கூடம், வீடு, பயம், ஆசை எல்லாம் பேசலாம். டியூசன் இல்லை. டியூசனுக்கு நம் ஊரில் பஞ்சமும் இல்லை.

கமிட்டியில் பெரியவர்கள் சிலர், "நல்ல பேச்சாளர் ஒருவரைக் கூட்டி வந்து தன்னம்பிக்கை உரை வைத்தால் ஒரே நாளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேருமே, எதற்கு இந்தப் பாடு" என்கிறார்கள். இன்னும் சிலர் மார்க் கூடுமா என்று மட்டும் கேட்கிறார்கள். இப்படி ஒருவர் கூட நிற்பதால் ஒரு பிள்ளையின் தன்னம்பிக்கையும் பள்ளி வாழ்க்கையும் உண்மையிலேயே மாறுகிறதா, எந்த இடத்தில் கெட்டுப் போகிறது, இதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

நாகர்கோவில்வாசி

தம்பி, நல்ல மனசு. ஆனால் என் சந்தேகத்தைச் சொல்லிவிடுகிறேன். 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதல் இடம். மயிலாடியில் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி பள்ளி தொடங்கி இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம், கூப்பிடு தூரத்தில் கல்லூரி. இங்கே படிப்புக்கு ஆள் பிடித்துக் கூட்டி வர வேண்டிய நிலைமை இல்லை. பள்ளியில் ஆசிரியர் இடம் காலியாகக் கிடந்தால் அதை நிரப்பச் சொல்லிக் கேட்பதுதான் முதல் வேலை. அதை விட்டுவிட்டுச் சம்பளமில்லாத பையன்களை வைத்து ஒப்பேற்றினால் அரசாங்கத்துக்கும் அதுவே வசதியாகப் போய்விடும்.

முன்னாள் தலைமையாசிரியர், குளச்சல் பக்கம்

நாகர்கோவில்வாசி சொல்வதில் ஆசிரியர் இடத்தைப் பற்றிய பகுதி முழுக்கச் சரி. அதை நானும் சங்கத்தில் இருந்த காலமெல்லாம் பேசியிருக்கிறேன். ஆனால் 91.75 என்ற எண்ணை வைத்து அவர் எடுக்கிற முடிவுக்கு நேர் எதிரானதைத்தான் நான் பள்ளியில் பார்த்தேன். எல்லோரும் படிக்கிற ஊரில் படிப்பு வராத பிள்ளைக்கு ஒளிந்துகொள்ள இடமே இல்லை. அண்ணன் இன்ஜினியரிங், சித்தி மகள் நர்சிங் முடித்துவிட்டு வெளிநாடு, பக்கத்து வீட்டுப் பையன் பத்தாவதில் பள்ளி முதல்வன். இதற்கு நடுவில் ஒன்பதாவது வந்தும் தமிழ்ப் பாடத்தில் ஒரு பத்தியைத் தடங்கல் இல்லாமல் வாசிக்கத் தெரியாத பையன் என்ன செய்வான்? வாசிக்கச் சொல்லும் பீரியடில் தண்ணீர் குடிக்கப் போவான். பரீட்சை நாளில் வயிற்றுவலி என்பான். அப்புறம் சேட்டை செய்வான், ஏனென்றால் வகுப்பில் 'மக்கு' என்ற பெயரை விட 'சேட்டைக்காரன்' என்ற பெயர் மரியாதையானது. இதை நாங்கள் ஒழுக்கப் பிரச்சினை என்று எடுத்துக்கொண்டு அப்பாவைக் கூட்டி வா என்போம். அப்பா கடலில் இருப்பார்.

நாற்பது, ஐம்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் எவ்வளவு நல்ல ஆசிரியராக இருந்தாலும் ஒவ்வொருவரிடமும் தனியாக உட்கார்ந்து "உனக்கு எந்த இடத்தில் நின்று போகிறது" என்று கேட்க முடியாது. கேட்டாலும் பையன் சொல்ல மாட்டான், மார்க் போடுகிறவர் ஆசிரியர்தானே. மார்க் போடாத, அடிக்காத, அப்பாவிடம் போய்ச் சொல்லாத ஒரு மூத்தவன் கேட்டால் சொல்வான். அந்த இடத்தை ஆசிரியராலும் பெற்றோராலும் நிரப்ப முடியாது, இதை முப்பது வருடத்துக்கு மேல் பாடம் எடுத்தவனாகச் சொல்கிறேன்.

மாற்றம் முதலில் மார்க்கில் தெரியாது, வருகைப் பதிவேட்டில் தெரியும். திங்கட்கிழமை லீவு குறையும். அப்புறம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை தூக்கும். அரையாண்டில் 12 மார்க் வாங்கியவன் முழு ஆண்டில் 27 வாங்கினால் பேப்பரில் அவன் இன்னும் ஃபெயில்தான், ஆனால் அந்தப் பையன் ஜெயித்துவிட்டான். உங்கள் கமிட்டிப் பெரியவர்களுக்கு இதைத்தான் முதலில் புரிய வைக்க வேண்டும்.

சமூகப்பணி மாணவி

சார் எழுதியதைப் படித்தபோது நாங்கள் வகுப்பில் படித்த ஆய்வுகள் அப்படியே ஞாபகம் வந்தன. அமெரிக்கா நம் ஊர் ஆகாது, அதனால் அளவாக எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் இந்த விஷயத்தை அதிகம் அளந்து பார்த்தவர்கள் அவர்கள்தான்.

அங்கே 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' என்று 1904-ல் நியூயார்க்கில் தொடங்கிய அமைப்பு, நீங்கள் சொல்கிற மாதிரியே ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர். அவர்களிடம் பதிவு செய்த, 10 முதல் 16 வயது வரையிலான 959 பிள்ளைகளை வைத்து 1995-ல் ஓர் ஆய்வு வந்தது. பாதிப் பேருக்கு உடனே ஆள் ஒதுக்கினார்கள், மீதிப் பாதியைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்தார்கள். ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தால், ஆள் கிடைத்த பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போட்ட நாட்கள் மற்றவர்களைவிட 52 சதவீதம் குறைவு. போதைப்பொருளைத் தொட ஆரம்பிக்கிற வாய்ப்பு 46 சதவீதம் குறைவு. மார்க் உயர்ந்தது கொஞ்சம்தான். வருகைதான் முதலில் மாறும் என்று சார் சொன்னது இதுவேதான்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே பிள்ளைகளின் விவரங்களை கிராஸ்மன், ரோட்ஸ் என்ற இருவர் 2002-ல் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருடமோ அதற்கு மேலோ உறவு நீடித்த பிள்ளைகளுக்குத்தான் பெரும்பாலான பலன். மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன பிள்ளைகளுக்குத் தங்களைப் பற்றிய மதிப்பு முன்பு இருந்ததைவிடக் கீழே போயிருந்தது. தன்னால் படிக்க முடியும் என்ற எண்ணமும் இறங்கியிருந்தது. ஆளே வராமல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு இந்த அடி விழுந்திருக்காது.

அண்ணா, உங்கள் திட்டத்தில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். செமஸ்டர் லீவில் ஆர்வமாக வந்துவிட்டு, வேலை கிடைத்ததும் பெங்களூருக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுகிற ஆள் வேண்டாம். நல்லவராகவே இருந்தாலும் வேண்டாம்.

இன்னொன்று, 2007-ல் பள்ளிக்குள்ளேயே நடந்த இதே மாதிரித் திட்டத்தை 1,139 பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்கள். முதல் வருட முடிவில் வீட்டுப்பாடம், வருகை, 'என்னால் படிக்க முடியும்' என்ற எண்ணம் எல்லாம் கூடியிருந்தது. ஆனால் தன்னைப் பற்றிய பொதுவான மதிப்பு மாறவில்லை. இரண்டாம் வருடம் பலர் தொடரவில்லை, கூடியதில் பெரும்பகுதி கரைந்துபோனது. ஆக 'தன்னம்பிக்கை' என்று நாம் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவது ஒன்றல்ல. கணக்கில் தைரியம் வருவது வேறு, நாலு பேர் முன்னால் பேசத் தைரியம் வருவது வேறு, நான் மதிப்புள்ளவள் என்று ஒரு பெண் உள்ளுக்குள் நினைப்பது இன்னும் வேறு. மூன்றும் ஒரே வேகத்தில் வராது.

தூத்தூர் கரை

மேலே அந்தத் தங்கச்சி எழுதியதை ரெண்டு தடவை படித்தேன். மூன்று மாதத்தில் விட்டுவிட்டுப் போனால் பிள்ளை கீழே போகும் என்பதற்கு எங்கள் கரையில் ஆய்வு தேவையில்லை.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தது. எங்கள் ஊர்களில் அப்பாவை, அண்ணனைப் பறிகொடுத்த பிள்ளைகள் நிறைய. உடல்கூடக் கிடைக்காத வீடுகள் உண்டு. அந்த டிசம்பரில் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துப் படம் வரையச் சொன்னார்கள், பாட்டுப் பாடினார்கள், "எப்பவும் உங்ககூட இருப்போம்" என்றார்கள். அவர்கள் மனசில் குற்றம் இல்லை. ஆனால் கொஞ்ச நாளில் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அதற்கப்புறம் புதிதாக யார் வந்தாலும் எங்கள் பிள்ளைகள் "எப்பப் போவீங்க" என்றுதான் முதலில் கேட்டார்கள். அப்பா திரும்பி வரவில்லை, இவர்களும் திரும்பி வரவில்லை, ஒரு பத்து வயதுப் பிள்ளை இதை எப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்ளும்?

எங்கள் பக்கம் ஆழ்கடல் தொழில். கொச்சியிலிருந்தோ தேங்காய்ப்பட்டணத்திலிருந்தோ படகு ஏறினால் அப்பா திரும்பி வர ஒரு மாதம், சில சமயம் அதற்கும் மேல். அம்மாதான் எல்லாம். பையன் எட்டாவதில் தடுமாற ஆரம்பித்தால் அடுத்த விடுமுறையில் மாமன் படகில் ஏறிவிடுவான், கையில் பணம் வரும், அதற்கப்புறம் பெஞ்சில் உட்கார வைக்க முடியாது. அப்படி ஏறாமல் நின்றவர்கள் யாரால் நின்றார்கள் என்று யோசித்துப் பார்த்தால், பங்குக் கோயிலில் ஞாயிறு மறைக்கல்வி (சமய வகுப்பு) எடுத்த அண்ணன்மார்தான். அவர்கள் எங்கும் போய்விடவில்லை, அதே தெருவில் இருந்தார்கள். கோயிலில் பார்ப்போம், பந்து விளையாடும் இடத்தில் பார்ப்போம், பரீட்சை பேப்பர் கொடுத்த அன்று கடைமுனையில் நிறுத்தி "எவ்வளவுலே?" என்று கேட்பார்கள். என்னை அப்படிக் கேட்டவர் மெர்ச்சன்ட் நேவிக்குப் படித்தவர். கடல் என்றால் மீன்பிடி மட்டும் இல்லை என்பதை அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இன்று நானும் கப்பலில்தான் இருக்கிறேன்.

மறைக்கல்வி மட்டும் இல்லை, சி.எஸ்.ஐ. ஊர்களில் ஞாயிறு பள்ளி, இந்துக் கோயில்களில் சமய வகுப்பு, முஸ்லிம் ஊர்களில் மதரசா என்று வாரம் தவறாமல் பிள்ளைகள் கூடுகிற பழக்கம் நம் மாவட்டம் முழுக்க ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் புதிதாக ஆள் தேடுவதைவிட, அங்கே வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுக்கிறவர்களைப் போய்க் கேளுங்கள். நின்று காட்டியவர்கள் அவர்கள்.

மார்த்தாண்டம் அம்மா

எல்லாரும் நல்லா எழுதறீங்க, ஆனா ஒரு பொண்ணைப் பெத்தவளா நான் கேக்க வேண்டியது இருக்கு. என் மகள் ஒன்பதாவது. யாரோ ஒரு காலேஜ் பையனோட தனியா உட்கார்ந்து அவள் மனசுல இருக்கறத எல்லாம் பேசறதுக்கு நான் எப்படி அனுப்புவேன்? ஊர் வாயை விடுங்க, அவளோட பாதுகாப்பு? நல்லவன் யாரு, கெட்டவன் யாருன்னு நெத்தியில எழுதியிருக்கா? இதுக்குப் பதில் சொல்லாம நீங்க ஆய்வு எல்லாம் பேசறது எனக்குப் பயமா இருக்கு.

திருவட்டாறுக்காரன்

அக்கா, நீங்கள் கேட்டது முதலிலேயே நான் எழுதியிருக்க வேண்டிய விஷயம். பெண் பிள்ளைக்கு அக்கா மட்டும்தான், இதில் விதிவிலக்கு கிடையாது. சந்திப்பு நூலகத்தின் பொது அறையில், எல்லார் கண்ணிலும் படும்படி. வீட்டுக்குப் போவது, பைக்கில் ஏற்றுவது, தனியாகப் போனில் பேசுவது எதுவும் கூடாது. செய்தி சொல்ல வேண்டியிருந்தால் அம்மாவின் நம்பருக்கு. பிள்ளைக்கு முதல் நாளே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சொல்லிக் கொடுப்போம். யாரைப் பற்றி வேண்டுமானாலும், எங்களைப் பற்றியும், அதில் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று தெளிவாகவே சொல்லுவோம். நீங்கள் எந்த வாரம் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

மார்த்தாண்டம் அம்மா

சரி. வந்து பாக்கறேன். பாத்துட்டுத்தான் அனுப்புவேன்.

ஈத்தாமொழி அக்கா

நான் இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தவள். கொரோனாவில் விட்டுப்போன படிப்புக்காக 2021-ல் அரசு தொடங்கியதே அது, ஒன்றாம் வகுப்பு முதல் எட்டு வரை, மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. திண்ணையில் தார்ப்பாய் விரித்துத்தான் எங்கள் மையம். ஒன்று மட்டும் சொல்கிறேன், "நீ கெட்டிக்காரி, உன்னால் முடியும்" என்று ஆயிரம் தடவை சொல்வதால் எந்தப் பிள்ளைக்கும் தைரியம் வந்து நான் பார்த்ததில்லை. ஒரு பிள்ளைக்கு வகுத்தல் வராது. ஏழாம் வகுப்பு. ஏழாம் வகுப்புக் கணக்கை நூறு தடவை சொல்லிக்கொடுத்தாலும் வராது, ஏனென்றால் அவளுக்கு வாய்ப்பாடே தெரியாது. நான்காம் வகுப்புக்கு இறங்கிப் போனேன். அவளுக்கு வெட்கம், சின்னப் பிள்ளைகள் முன்னால் எப்படி என்று. அதனால் அந்தச் சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு கேட்கும் பொறுப்பை அவளிடம் கொடுத்தேன். கேட்கிற சாக்கில் அவளும் படித்துக்கொண்டாள். ஒருநாள் வகுத்தலில் மீதி சரியாக வந்தது. அன்றைக்கு அவள் முகம் நிமிர்ந்த மாதிரி எந்தப் பாராட்டுக்கும் நிமிர்ந்ததில்லை.

அதனால் உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள், பேச்சு கொஞ்சம், கூட உட்கார்ந்து செய்கிற வேலை நிறைய. சின்ன வேலையாக இருக்கட்டும், ஆனால் முடிந்ததாக இருக்கட்டும். நூலக அட்டை எடுப்பது, வங்கியில் படிவம் நிரப்புவது, பள்ளியில் காலை வணக்கக் கூட்டத்தில் செய்தி வாசிப்பது, எதுவானாலும் சரி.

சமூகப்பணி மாணவி

அக்கா சொன்னதைத்தான் பந்துரா என்ற உளவியலாளர் 1977-ல் எழுதினார். 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கைக்கு அவர் நான்கு ஊற்று சொல்கிறார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, மற்றவர் சொல்லும் ஊக்க வார்த்தை, அப்புறம் பதற்றம் மாதிரியான உடல், மன நிலை. இதில் மிக வலுவானது முதலாவதுதான். தன்னம்பிக்கை உரையில் கிடைப்பது பெரும்பாலும் மூன்றாவது மட்டும். தூத்தூர் அண்ணன் சொன்ன மெர்ச்சன்ட் நேவி அண்ணன் இரண்டாவது. அவர் அதே தெருவைச் சேர்ந்தவராக இருந்ததுதான் விஷயமே.

பால்வெட்டு

நான் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். எனக்கு இவ்வளவு எழுத வராது, ஆனாலும் சொல்கிறேன். விடியும் முன்னே வெட்டப் போக வேண்டும், பையன் சில நாள் பால் எடுக்கக் கூட வருவான். அப்புறம் குளித்து பஸ் பிடித்துப் பள்ளிக்குப் போனால் லேட். வெளியே நிறுத்துவார்கள். அவனுக்கு அது பெரிய அவமானம், அதனால் லேட் ஆகும் என்று தெரிந்தால் போகவே மாட்டான். இதை நான் போய் சாரிடம் சொல்ல எனக்குக் கூச்சம், அவனுக்கும் கூச்சம். யாராவது படித்த பையன் ஒருத்தன் கூட வந்து, "சார், இவன் வீட்டு நிலைமை இது" என்று ஒரு தடவை பேசியிருந்தால் போதும்.

அப்புறம் இன்னொன்று. அவனுக்கு மெக்கானிக் வேலையில் ஆசை. கோணம் ஐ.டி.ஐ.யில் சேர என்ன செய்யணும், எப்ப விண்ணப்பம் வரும், என்னென்ன சர்டிபிகேட் வேணும், எங்களுக்கு ஒன்றும் தெரியாது. எல்லாரும் டாக்டர், இன்ஜினியர் என்று பேசுகிறார்கள். ஐ.டி.ஐ. என்று சொல்ல அவனுக்கே வெட்கமாக ஆகிவிட்டது.

முன்னாள் தலைமையாசிரியர், குளச்சல் பக்கம்

இந்த இழையிலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது மேலே உள்ளதுதான். ஐயா, வெட்கப்பட எதுவும் இல்லை, கைத்தொழில் தெரிந்த பையன் எந்த ஊரிலும் தலைநிமிர்ந்து நிற்பான். பத்தாவது ரிசல்ட் வந்ததும் ஐ.டி.ஐ. சேர்க்கை அறிவிப்பு வரும், விண்ணப்பம் இணையத்தில். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் இ-சேவை மையத்தில் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நேரத்தில் ஓட வேண்டாம். லேட் விஷயத்தைத் தலைமையாசிரியரிடம் நேரில் சொல்லுங்கள். வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால் வாசலில் நிறுத்துகிற ஆசிரியர்கள் குறைவு. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் அதிகம் இருப்பார்கள், அவர்கள் மூலமாகவும் பேசலாம்.

தம்பி திருவட்டாறு, உங்கள் ஆட்களின் வேலை என்ன என்று கேட்டால், இதுதான். பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில் யாரும் வாய் திறக்காமல் கிடக்கிற அந்த ஒரு விஷயத்தைத் திறந்து வைப்பது.

நாகர்கோவில்வாசி

ஆசிரியர் இடத்தைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. பால்வெட்டு அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு, இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்ற ஊர்களில் 1939-ல் பையன்களை வைத்து இப்படி ஒரு பெரிய திட்டம் தொடங்கி, சராசரியாக ஐந்து வருடம் ஆலோசனை, டியூசன், முகாம் என்று செய்தார்கள். முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் தேடிப்பிடித்துப் பார்த்து 1978-ல் எழுதினார். உதவி பெற்றவர்கள் எந்த வகையிலும் மேலாக இல்லை, குடிப்பழக்கம் போன்ற சிலவற்றில் உதவி பெறாதவர்களைவிட மோசமாகவே இருந்தார்கள். ஆனால் அந்தப் பையன்களில் பெரும்பாலோர் திட்டம் நல்லது செய்தது என்றே சொன்னார்கள். ஆகவே பிள்ளையும் சந்தோஷம், நாமும் சந்தோஷம் என்பதை வைத்துப் பலன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வருகைப் பதிவைப் பாருங்கள், வாசிக்கிறானா என்று கேட்டுப் பாருங்கள்.

திருவட்டாறுக்காரன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று கமிட்டியில் இந்த இழையை அச்செடுத்துக் கொண்டுபோய் வாசித்தேன். தன்னம்பிக்கை உரை வேண்டாம் என்று முடிவாகிவிட்டது, அந்தப் பணத்தில் புத்தகமும் பலகையும் வாங்குகிறோம். ஒரு வருடம் ஊரில் இருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தவர்களை மட்டும்தான் எடுக்கிறோம். அதனால் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் விலகிவிட்டார்கள், பிள்ளைகளின் எண்ணிக்கையையும் அதற்கேற்பக் குறைத்துக்கொண்டோம். நடுவில் ஒருவர் போக வேண்டி வந்தால், போவதற்கு முன்பே பிள்ளையிடம் நேரில் சொல்லி, அடுத்த ஆளை அறிமுகப்படுத்தி, இரண்டு பேரும் சேர்ந்து சில வாரம் உட்கார்ந்த பிறகே போக வேண்டும். ஈத்தாமொழி அக்கா, ஒருநாள் வந்து எங்கள் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க முடியுமா? வாசிப்பில், கணக்கில் ஒரு பிள்ளை எந்த வகுப்பு நிலையில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பது எங்களுக்குத் தெரியவில்லை.

ஈத்தாமொழி அக்கா

வருகிறேன். இரண்டாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை தமிழ், கணக்குப் புத்தகங்கள் ஒரு செட் எடுத்து வையுங்கள். பயிற்சியின்போது நாலைந்து பிள்ளைகளும் இருக்க வேண்டும், பிள்ளை இல்லாமல் அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது.

பால்வெட்டு

எங்கள் வீடு குலசேகரத்துக்கு உள்ளே, திருவட்டாறுக்கு பஸ் உண்டு. பையனைச் சேர்ப்பீர்களா? ஞாயிறு மதியத்துக்கு மேல் என்றால் எந்த வாரமும் தவறாது, காலையில் வெட்டு இருக்கும்.

திருவட்டாறுக்காரன்

ஞாயிறு மூன்று மணிக்கு அண்ணே. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இங்கேயே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார், அவரோடு உட்கார வைக்கிறோம். முதல் வாரம் நீங்களும் கூட வாருங்கள்.